கரு மையமான கதை

சில ஆண்டுகளுக்கு முன், இந்தியச் சமயச் சிந்தனை பற்றிய தேர்வொன்றின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ஒரு வாக்கியம் என்னைத் தடுத்து நிறுத்திற்று. ஸ்ரீ நாராயண குருவின் ‘ஆத்மோபதேச சதக’த்தைப் பற்றி எழுதிய மாணவர், குரு தம் நூலின் முதற் செய்யுளிலேயே ‘உள்மையத்தை’ வணங்கச் சொல்கிறார் என்று குறித்திருந்தார். அடுத்த வரியில் ‘பிரக்ஞைநிலை’ என்ற சொல்லும் இருந்தது. நல்ல மாணவர், கருத்தை ஏறத்தாழச் சரியாகவே வாங்கிக்கொண்டிருந்தார். ஆனால் உள்மையம் என்று குரு எழுதவில்லை. அவர் எழுதிய சொல் கரு. பிரக்ஞைநிலை என்றும் அவர் எழுதவில்லை. அவர் எழுதிய சொல் அறிவு. நம் வீட்டுச் சொற்களாகிய இவ்விரண்டும் மலையாளத்திலிருந்து ஆங்கிலத்திற்குப் போய், அங்கிருந்து அடையாளம் தெரியாத உருவில் நம்மிடமே திரும்பி வந்திருந்தன.

அத்தாளுக்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை. குற்றம் மாணவருடையதன்று. அந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து நடத்தியவன் நானே. மலையாள மூலத்தை அருகே வைத்துப் படிக்கவேண்டும் என்னும் எண்ணம்கூட எனக்கு அன்றுவரை தோன்றியதில்லை. நம் நூலகங்களில் குருவைப் பற்றிய நூல்கள் ‘சமூகச் சீர்திருத்தம்’ என்னும் தலைப்பின்கீழ் அடுக்கப்பட்டிருக்கும். சாதி, சமயம், தெய்வம் மூன்றும் மனிதர்க்கு ஒன்றே என்ற அவருடைய முழக்கத்தைப் பிரசங்கங்களில் எடுத்தாளுவோம். அவர் கவிஞர் என்பதை மட்டும் மறந்துவிடுவோம்.

மெய்யியல் கவிதை என்றால் மெய்யியலைச் செய்யுளில் சொல்வது என்றே பலர் எண்ணுகின்றனர். அவ்வளவுதான் என்றால் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. நம் நாட்டில் மருத்துவமும் சோதிடமும் கணக்கும்கூடச் செய்யுளில் எழுதப்பட்டன. மனப்பாடம் செய்ய எளிது என்பதைத் தவிர அச்செய்யுளுக்கு வேறு பணி இல்லை. அதை உரைநடையாக்கினாலும் பிறமொழியில் பெயர்த்தாலும் இழப்பு ஒன்றும் நேராது. மெய்யியல் கவிதையின் நிலை வேறு. அதில் சிந்தனை சொற்களுக்கு வெளியே ஆயத்தமாக நின்றுகொண்டு, பின்னர் சொற்களுக்குள் ஏற்றப்படுவதில்லை. அந்த மொழியின் சொற்கள் ஒன்றையொன்று தொடும்போதுதான் அச்சிந்தனையே பிறக்கிறது. இது பொதுவாகச் சொன்னால் எவரும் ஒப்புக்கொள்ளும் கூற்று. ஒரு செய்யுளை எடுத்து வைத்துப் பார்க்கும்போதே அதன் முழுக் கனமும் தெரிகிறது.

ஆத்மோபதேச சதகம் 1897இல், குரு அருவிப்புரத்தில் இருந்த காலத்தில் இயற்றப்பட்டது. நூறு செய்யுள்கள் கொண்டது. முதற் செய்யுளின் கருத்தை உரைநடையில் சொல்வதானால் இவ்வாறு சொல்லலாம்: அறிவினும் மேற்பட்டதாய், அறிகிறவனின் உருவிலும் அதற்குப் புறத்திலும் ஒருசேரச் சுடர்விடுகிற கருவை, கண்கள் ஐந்தையும் உள்ளே அடக்கி, திரும்பத் திரும்ப விழுந்து வணங்கி ஓதவேண்டும். இந்தச் சுருக்கத்தை எழுத நான் அகராதியைத் தேட வேண்டியிருக்கவில்லை. செய்யுளின் யாப்பு வடமொழியிலிருந்து வந்த விருத்தம். அதற்குள் நிற்கும் சொற்களில் பெரும்பாலானவை நமக்கும் மலையாளிகளுக்கும் பொதுவான சொற்கள். வடமொழியில் புலமை மிக்கவரும், ‘தர்சனமாலா’ என்னும் நூலை வடமொழியிலேயே யாத்தவருமாகிய ஒருவர், இவ்விடத்தில் ஆத்மா என்றோ பிரம்மம் என்றோ சொல்லாமல் கரு என்று சொன்னது தற்செயலாக இருக்க முடியாது. நூலின் தலைப்பில் ஆத்மா நிற்கிறது. நூல் வாயிலைத் திறந்ததும் நம்மை எதிர்கொள்வது கரு.

இனி அச்செய்யுளின் ஓசையைக் கவனிப்போம். அடிகளின் தொடக்கத்தில் அறிவு, உரு, கரு என்னும் மூன்று சொற்களும் வரிசையாக வந்து, இரண்டாம் எழுத்தின் ஒலியால் ஒன்றோடொன்று கட்டுண்டு நிற்கின்றன. மலையாளத்தார் இதனை இரண்டாம் எழுத்துப் பிராசம் என்பர். நாம் எதுகை என்கிறோம். றகரமும் ரகரமும் எதுகையாகா என்று நம் புலவர்கள் முறையிடலாம். மலையாளம் அவ்வளவு கண்டிப்புக் காட்டுவதில்லை. இந்த ஒலிக்கட்டு அலங்காரத்திற்காக வந்ததன்று என்பதே என் கருத்து. அறிவு என்பது அறிகிற நிலை. உரு என்பது அறிகிறவனுடைய வடிவம். கரு என்பது இவ்விரண்டிற்கும் முந்தியது. இரண்டும் தோன்றுவதற்கு இடமானது. இம்மூன்றும் வேறுவேறு பொருள்கள் அல்ல என்பதே அத்வைதத்தின் கோட்பாடு. அக்கோட்பாட்டைக் குரு முதற் செய்யுளில் வாதிட்டு நிறுவவில்லை. செவிக்குக் கேட்கச் செய்கிறார். ஓதுகிறவன் வாயில் ஒரே ஒலி மும்முறை திரும்பி வருகிறது. வாதம் பின்னால் வரும் தொண்ணூற்றொன்பது செய்யுள்களில் வரட்டும் என்று விட்டுவிடுகிறார் போலும்.

இச்செய்யுளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் குருவின் சீடமரபினரே. மருத்துவர் பல்ப்புவின் மகனாகிய நடராஜ குரு பாரீசில் கல்வி கற்று ஆய்வுப் பட்டம் பெற்றவர். 1923இல் நீலகிரியில் பெர்ன்ஹில் என்னும் இடத்தில் நாராயண குருகுலத்தை நிறுவியவர். அவர் கருவைக் ‘கோர்’ என்னும் ஆங்கிலச் சொல்லால் பெயர்த்தார். கனியின் நடுப்பகுதி, பொருளின் உட்பகுதி என்று அச்சொல்லுக்குப் பொருள் கூறலாம். ஒலியிலும் அது கருவுக்குச் சற்று நெருங்கி வருகிறது. அந்நெருக்கமே அவரைக் கவர்ந்திருக்கக் கூடும். அவர் வழிவந்த நித்ய சைதன்ய யதி, தம் மொழிபெயர்ப்பில் கரு என்னும் சொல்லை மாற்றாமல் அப்படியே வைத்துவிட்டார். ஆசிரியர் துணிந்த இடத்தில் மாணாக்கர் பின்வாங்கியதாகத் தோன்றும். எனக்கோ யதி செய்ததே கூடுதல் நேர்மை என்று படுகிறது. எனினும் அந்நேர்மையின் விலை, ஆங்கில வாசகன் முதற் செய்யுளிலேயே பொருள் தெரியாத ஒரு சொல்லின்முன் நிற்க வேண்டியதாகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

கரு என்றதும் நமக்குத் தோன்றுவன யாவை? தாயின் வயிற்றில் வளர்வது கரு. முட்டைக்குள் மஞ்சளாய் இருப்பது கரு. உலோகத்தை உருக்கி ஊற்றும் வார்ப்பச்சுக்கும் அப்பெயர் உண்டு. ஒரு நூலின் அடிப்படைப் பொருளைக் கரு என்கிறோம். கோயிலின் உள்ளறை கருவறை. இவை அனைத்திலும் ஒன்று பொதுவாக உள்ளது: கருவிலிருந்து ஏதோ ஒன்று பிறக்கிறது. மையம் அப்படிப்பட்டதன்று. மையம் வட்டத்தின் நடுப்புள்ளி; அதிலிருந்து எதுவும் பிறப்பதில்லை, அளவுகள் மட்டுமே எடுக்கப்படுகின்றன. கரு மையமானபோது தாய்மை போய்க் கணிதம் வந்துவிட்டது. என் மாணவரின் விடைத்தாளில் நிகழ்ந்தது இதுவே. கடவுளைப் பற்றிய பேச்சில் இது சிறிய மாற்றமன்று.

தமிழ்த் திருமறையை ஓதிப் பழகியவர்களுக்கு இச்சொல் இன்னொரு வாயிலையும் திறக்கிறது. 139ஆம் சங்கீதத்தில் கரு என்னும் சொல்லும் கண்கள் என்னும் சொல்லும் அடுத்தடுத்து நிற்பதை நாம் அறிவோம். அங்கே மனிதன் கருவாக இருக்கிறான். காணும் கண்கள் கடவுளுடையவை. குருவின் செய்யுளில் முறை மாறுகிறது. கடவுள் கருவாக இருக்கிறார். கண்கள் மனிதனுடையவை, அவையும் காண்பதற்காகத் திறப்பவை அல்ல, அடங்குபவை. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையிலுள்ள தூரம் நம் வகுப்பறைகளில் விவாதிக்கப்பட வேண்டிய தூரம். படைத்தவர் தம் படைப்பைக் காண்பதும், ஒருவன் தன் மூலத்தினுள் கண்மூடி ஒடுங்குவதும் ஒன்றல்ல. அவற்றை ஒன்றென்று மெழுகிவிடுவது குருவுக்கும் நீதியன்று, சங்கீதக்காரருக்கும் நீதியன்று. ஆனால் ‘உள்மையம்’ என்று எழுதிய மாணவருக்கு அந்த விவாதமே தோன்றியிருக்க வழியில்லை. எதிரெதிராக நிறுத்திப் பார்ப்பதற்கு வேண்டிய சொல் அவர் கையில் இல்லை.

கண்கள் ஐந்து என்பதிலும் ஒரு செய்தி உண்டு. ஐம்புலன் என்றோ ஐந்து இந்திரியம் என்றோ குரு சொல்லியிருக்கலாம். அவர் செவியையும் நாவையும் மூக்கையும் தோலையும்கூடக் கண்களாக்கிவிட்டார். உலகை நோக்கித் திறந்திருக்கும் ஐந்து கண்கள் கொண்ட ஓர் உயிரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். சற்று அச்சம் தருகிற உருவம் அது. நடராஜ குரு ஆங்கிலத்திலும் இவ்வுருவத்தைக் காத்திருக்கிறார். யதியின் மொழிபெயர்ப்பில் அது புலன்கள் என்றாகிவிடுகிறது. கருவை விட்டுக்கொடுத்தவர் கண்களைக் காத்தார். கருவைக் காத்தவர் கண்களை விட்டுக்கொடுத்தார். இரண்டையும் ஒருங்கே காக்க ஆங்கிலத்தில் வழி இருந்ததா என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. நடராஜ குருவின் ஆங்கிலம் துல்லியமானது, ஆனால் உரக்கப் படிக்க முடியாதது என்பது மட்டும் என் அனுபவம். மலையாளத்தின் சொன்முறையை ஆங்கிலத்தின்மேல் ஏற்றி, பெயரை முன்னும் எண்ணைப் பின்னும் வைத்து எழுதுகிறார். மெய்யியல் மாணவர் பொறுமையோடு படிப்பர். ஓதவேண்டும் என்று சொல்லி முடிகிற செய்யுளை ஓத முடியாதபடி பெயர்ப்பது ஒரு குறையே.

அறிவு என்னும் சொல்லின் கதையும் இத்தகையதே. தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுக்கிறது. அங்கே புல்லுக்கும் மரத்திற்கும் உள்ள தொடு உணர்ச்சியும் அறிவுதான். சைவ சித்தாந்த நூல்களில் உயிரும் அறிவு, இறைவனும் அறிவு. இன்று பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் பெறுகிறவனையும் அறிவுள்ள பிள்ளை என்கிறோம். புல்லின் தொடு உணர்ச்சியிலிருந்து இறைவனின் இயல்புவரை ஒரே சொல் ஏணியாக நிற்பது நம் மொழிக்குடும்பத்திற்குக் கிடைத்த பேறு. குரு அந்த ஏணியின் எல்லாப் படிகளிலும் ஏறி இறங்குகிறார். ஆங்கிலத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு தனிச்சொல் தேவைப்படுகிறது. சொல் மாறிய இடத்தில் ஏணி அறுந்துவிடுகிறது.

இவ்வளவு சொன்னபின், தமிழர் மலையாளத்தைத் தமிழாகவே படித்துவிடலாம் என்று எவரும் முடிவு செய்ய வேண்டாம். பக்கத்து வீட்டு மொழி வழுக்கும் படி. நமக்கு வெள்ளம் என்றால் பெருக்கு. அவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர். குருவின் ‘தைவதசகம்’ 1914இல் எழுதப்பட்ட பத்துச் செய்யுள் கொண்ட பிரார்த்தனை. அதன் தொடக்கத்தில் பிறவியைக் கடலாகவும் கடவுளை நாவிகனாகவும் அவருடைய பாதத்தைத் தோணியாகவும் குரு காண்கிறார். இவ்வுருவகம் திருக்குறளின் முதலதிகாரத்தை அறிந்த நமக்குப் புதிதன்று. குருவுக்கும் குறள் அயலானதன்று; அதன் ஒரு பகுதியை அவர் மலையாளத்தில் பெயர்த்தார், ‘ஒழிவிலொடுக்க’த்தையும் பெயர்த்தார், தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் பாடினார். ஆனால் இந்தத் தோணி பழைய தோணியன்று. ஆவியால் ஓடும் பெருந்தோணி. தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் இச்சொல்லைக் கேட்டால் உடனே பரிசுத்த ஆவியை நினைப்பார். மலையாளத் திருமறையோ அவ்விடத்தில் ஆத்மா என்னும் சொல்லையே ஆளுகிறது. குரு கருதியது நீராவி. நீராவிக் கப்பலையே அவர் கடவுளின் பாதமாக்கினார். பழம் புராணத் தோணிக்குள் நீராவி இயந்திரத்தை அமைத்த அத்துணிவை, நம் ஆவி மறைத்துவிடக் கூடாது.

அதே பிரார்த்தனையில் வேறொரு செய்யுள் உண்டு. அது சிறிதுநேரம் தங்கி நோக்கத் தக்கது. கடல், அலை, காற்று, ஆழம் ஆகிய நான்கைக் குரு வரிசைப்படுத்துகிறார். அவற்றுக்கு நிகராக நாங்கள், மாயை, உன் மகிமை, நீ என்று நான்கை நிறுத்துகிறார். கடவுள் கடல், நாம் அலைகள் என்பது எல்லோரும் சொல்லும் உவமை. அதை எதிர்பார்த்தே செவி முன்னால் ஓடுகிறது. வரிசை பிறழாமல் பொருத்திப் பார்த்தாலோ, கடல் நாம் என்றாகிறது. அலை மாயை. காற்று அவருடைய மகிமை. கடவுள் ஆழம். ஆழம் என்பது கடலுக்கு வேறான ஒரு பொருளன்று. கடலை நீக்கிவிட்டு ஆழத்தைக் காட்ட முடியாது. எனினும் கடலின்மேல் மிதப்பவன் ஆழத்தை அறியமாட்டான். இரண்டடிக்குள், வேற்றுமையும் ஒற்றுமையும் பற்றிய ஒரு முழு வாதம் அடங்கியிருக்கிறது. வாதத்தின் சாயலோ அதில் சிறிதும் இல்லை. கேரளத்தில் சிறு பிள்ளைகள் கூட்டமாக நின்று இதைப் பாடுகின்றனர்.

நம் மாணவர்களுக்கு ஆழம் என்றவுடன் பால் திலிக் நினைவுக்கு வருவார். 1948இல் வெளிவந்த அவருடைய பிரசங்கத் தொகுதியில், கடவுளை இருத்தலின் ஆழம் என்று கூறும் பகுதி புகழ்பெற்றது. 1963இல் ஆயர் ஜான் ராபின்சன் எழுதிய சிறுநூலால் அக்கருத்து உலகெங்கும் பரவிப் புயலைக் கிளப்பிற்று. நாம் அப்புயலைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறோம். 1914இலேயே நமக்கு மேற்கே, மலைக்கு அப்பால், பிள்ளைகள் பாடத்தக்க எளிமையோடு அச்சொல் கடவுளுக்குச் சூட்டப்பட்டதை அறியாமல் எழுதுகிறோம். இருவரும் ஒன்றையே சொன்னார்கள் என்று நான் வாதிடவில்லை. திலிக் உயரத்திற்கு மாற்றாக ஆழத்தை நிறுத்தினார்; மேலே இருக்கும் கடவுள் என்ற படத்தோடு அவருக்கு வழக்கு இருந்தது. குருவுக்கு அவ்வழக்கே இல்லை. அவருடைய ஆழம் உயரத்தின் எதிர்ச்சொல் அன்று, கடலின் உள்.

குருவின் சீடருள் கவிஞராகத் தலைசிறந்தவர் குமாரன் ஆசான். ஆங்கிலம் மலையாள மெய்யியல் கவிதைக்குச் செய்த உதவி எத்தகையது என்பதை அவரிடமே தெளிவாகக் காணலாம். 1873இல் காயிக்கரையில் பிறந்த ஆசானைப் பெங்களூரிலும் பின்னர்க் கல்கத்தாவிலும் குரு படிக்க வைத்தார். வடமொழி கற்கச் சென்றவர் ஆங்கிலக் கவிதையையும் கற்றுத் திரும்பினார். ஆனால் அவர் ஆங்கிலத்தில் எழுத முயலவில்லை. தனித்து நிற்கும் ஒரு சிறு பொருளின் முன் கவிஞன் நின்று, புராணத்தின் துணையின்றித் தானே சிந்திக்கலாம் என்னும் உரிமையை ஆங்கிலக் கவிதையிலிருந்து எடுத்துக்கொண்டார் என்பது என் துணிபு. சிந்திப்பதை மலையாளத்திலேயே செய்தார்.

‘வீணபூவு’ என்னும் அவருடைய காவியம் 1907இல் வெளிவந்தது. விழுந்த மலர் என்பது தலைப்பின் பொருள். நாற்பத்தொரு செய்யுள்கள். உதிர்ந்து கிடக்கும் ஒரு பூவை நோக்கிக் கவிஞர் பேசுகிறார்: அதன் பிறப்பு, இளமை, அழகு, காதல், வீழ்ச்சி எல்லாம் ஒரு பெண்ணின் வாழ்க்கைபோல் விரிகின்றன. காவியம் முழுவதும் வசந்ததிலகம் என்னும் விருத்தத்தில் அமைந்தது. இளவேனிலின் திலகம் என்று பெயர்பெற்ற யாப்பில் உதிர்ந்த பூவுக்கு இரங்கற்பா எழுதியவர் அதன் முரணை அறியாமல் எழுதியிருப்பாரா? பதினான்கு அசையும் தளராமல் நடக்கும் அழகிய நடை; அந்நடை தொடர்ந்து கொண்டாட்டத்தை நினைவூட்டுகிறது, கண்ணெதிரே கிடப்பதோ சருகு. ஆங்கிலத்தில் இதனைப் பெயர்ப்பவர் கருத்தைப் பெயர்த்துவிடலாம். இந்த யாப்பின் பெயரையும் அது சுமக்கும் பருவத்தையும் எங்கே வைப்பார்?

காவியத்தின் இறுதிப்பகுதியில் ஆசான் ஆறுதல் தேடுகிறார். பிறந்தது அழியும், அழிந்தது வினைக்கேற்ப மீண்டும் உருப்பெறும், இம்மலர் மேருவின் உச்சியில் மீண்டும் பூக்கவும் கூடும் என்கிறார். வேதாந்தமும் புராணமும் தரக்கூடிய ஆறுதல்கள் இவை. என் தனிக்கருத்தைச் சொன்னால், காவியத்தில் சற்றே சோர்வான பகுதி இதுதான்; கேட்டுப் பழகிய சொற்கள் வரிசையாக வருகின்றன. ஆனால் ஆசான் அங்கே முடிக்கவில்லை. கடைசிச் செய்யுளில் ஆறுதல் அனைத்தையும் தாண்டி மீண்டும் துயரத்திற்கே வருகிறார். ஓர் ஏக்க ஒலியோடு தொடங்கிய காவியம் ஒரு வருத்தச் சொல்லோடு நிற்கிறது. நாமாக இருந்தால் வரிசையை மாற்றியிருப்போம்: முதலில் துயரம், இறுதியில் ஆறுதல். அடக்க ஆராதனைகளில் நான் பல ஆண்டுகளாகப் பேசியது அந்த வரிசையில்தான். வீணபூவைப் படித்தபின் ஒருமுறை, இளம் தாயொருத்தியின் அடக்கத்தில், ஆறுதல் வசனத்தைச் சொன்ன பிறகும் பேச்சை முடிக்காமல் அவளுடைய பெயரை மீண்டும் சொல்லி அமைதியாக நின்றேன். சபையாரில் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

1919இல் வெளிவந்த ‘சிந்தாவிஷ்டயாய சீதா’வில் ஆசானின் கலை முதிர்ந்திருக்கிறது. வால்மீகியின் ஆசிரமத்தில், ஓர் மாலைப்பொழுதில், பிள்ளைகள் தந்தையின் அவைக்குச் சென்றிருக்கும் வேளையில், சீதை தனியே அமர்ந்து தன் வாழ்வை எண்ணிப் பார்க்கிறாள். நிகழ்ச்சி என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. மனம் ஒன்றே அசைகிறது. இதற்கு அவர் தேர்ந்தெடுத்த யாப்பு வியோகினி: பிரிந்தவள் என்பது அதன் பொருள். இது ஒற்றைப்படை அடிகளில் ஓர் அளவும் இரட்டைப்படை அடிகளில் ஓர் அளவுமாக நடப்பது. ஓரடியில் பத்து அசை, அடுத்ததில் பதினொன்று. காளிதாசன் ரதியின் புலம்பலுக்கும் அஜனின் புலம்பலுக்கும் இவ்யாப்பையே ஆண்டான். ஆசான் அதில் புலம்பலை நீக்கிச் சிந்தனையை வைத்தார். ஓர் அடி எடுத்து வைத்து, தயங்கி, சற்றே நீண்ட இன்னொரு அடி எடுத்து வைக்கும் நடை அது. கணவனைக் குற்றஞ்சாட்டத் தொடங்கி, தானே அவன் பக்கத்து நியாயத்தையும் எண்ணி, மறுபடி குற்றச்சாட்டுக்குத் திரும்பும் மனத்திற்கு அந்நடை எவ்வளவு பொருத்தம்! சீதை இராமனை மன்னித்தாளா இல்லையா என்று மலையாள விமரிசகர்கள் இன்றும் வழக்காடுகின்றனர். சுகுமார் அழீக்கோடு 1954இல் இவ்வொரு காவியத்தைப் பற்றியே ஒரு தனிநூல் எழுதினார். யாப்பையே சாட்சியாக அழைத்தால், அவ்வழக்கிற்குத் தீர்ப்பு இல்லை என்றே அது சொல்லும். சமன்படாத இரண்டடிகள் கடைசிவரை சமன்படாமலே செல்கின்றன.

ஆசான் மொழிபெயர்ப்பும் செய்தார். எட்வின் ஆர்னால்டு 1879இல் வெளியிட்ட ஆங்கிலக் காவியமாகிய ‘ஆசிய ஜோதி’யை ‘ஸ்ரீபுத்தசரிதம்’ என்று மலையாளத்தில் ஆக்கினார். அதே ஆங்கில நூலைத் தழுவித்தான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தமிழில் ‘ஆசிய ஜோதி’யைப் பாடினார். கவிமணி பிறந்த தேரூரும் ஆசான் பிறந்த காயிக்கரையும் அன்று ஒரே திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தவை. இந்நாட்டுப் புத்தர், ஆங்கிலேயர் ஒருவரின் ஏடு வழியாக, ஒரே சமஸ்தானத்தின் இரண்டு மொழிகளுக்குள் நுழைந்தார். ஆங்கிலம் கேடு செய்தது என்று மட்டும் நான் எழுதுவதாக எண்ணுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டுகிறேன். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆசானின் புத்தர் உயிர்பெறுவது மொழிபெயர்ப்பில் அன்று. 1922இல் வந்த ‘சண்டாலபிக்ஷுகி’யிலும், அடுத்து வந்த ‘கருணா’விலும். தாழ்த்தப்பட்ட பெண்ணொருத்தியின் கையிலிருந்து தண்ணீர் கேட்கும் பௌத்த துறவியை ஆசான் எழுதும்போது, கிணற்றருகே செல்லவும் உரிமையற்ற மக்கள் அவர் கண்முன் இருந்தனர். ‘கருணா’வில் வடமொழி விருத்தத்தையும் துறந்து, வள்ளக்காரர்கள் பாடும் வஞ்சிப்பாட்டின் நடைக்கு வந்துவிட்டார்.

ஆசான் 1924 சனவரி 16ஆம் நாள் பல்லனை ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்தார். அப்படகின் பெயர் ரிடீமர்: மீட்பர். இப்பெயரைப் பிரசங்க உதாரணமாக்க ஆசைப்படுகிறவர்கள் இருப்பார்கள். ஐம்பது வயதில் ஒரு பெருங்கவிஞன் மூழ்கியதை உதாரணமாக்காமல் விட்டுவிடுவதே மரியாதை என்று நினைக்கிறேன்.

பின்வந்த தலைமுறையில், இரு மொழிகளிலும் எழுதுகிறவர்கள் கேரளத்தில் பெருகினர். அவர்களுள் ஒரு தாயையும் மகளையும் மட்டும் குறிப்பிட்டு அமைகிறேன். பாலாமணியம்மா மலையாளத்தில் தாய்மையையும் முதுமையையும் பொருளாகக் கொண்டு சிந்தனைக் கவிதைகள் எழுதினார். மகள் கமலா தாஸ் கவிதையை ஆங்கிலத்திலும், மாதவிக்குட்டி என்ற பெயரில் சிறுகதையை மலையாளத்திலும் எழுதினார். ஒரே உள்ளம் இரு மொழிகளுக்கு இரண்டு வேலைகளைப் பிரித்துக் கொடுத்தது. தாய் கவிதை எழுதிய மொழியில் மகள் கதை எழுதினாள். இரு மொழி அறிந்தவர்க்கு ஒரே கருத்தை இரண்டிலும் சொல்லிவிடலாம் என்னும் நம் எளிய நம்பிக்கைக்கு இது நல்ல மறுப்பு. ஆங்கிலப் பேராசிரியராகிய அய்யப்ப பணிக்கர் ‘குருக்ஷேத்திரம்’ என்னும் தம் நெடுங்கவிதையை மலையாளத்தில்தான் எழுதினார் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம்.

விடைத்தாள் நிகழ்ச்சிக்குப் பின் அடுத்த ஆண்டு நான் பாடத்தை மாற்றி நடத்தினேன். பல்கலைக்கழகப் பட்டியலில் உள்ள ஆங்கில நூலை விலக்க எனக்கு அதிகாரமில்லை. மூலத்தை அதன் பக்கத்தில் வைக்க எவரும் தடுக்கவுமில்லை. நூலகத்தின் மேல்தட்டில் தூசியடைந்து கிடந்த குண்டர்ட் ஐயரின் 1872ஆம் ஆண்டு மலையாள அகராதியைக் கீழே இறக்கினோம். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த மாணவி ஒருவர் வீட்டில் மலையாளமும் பேசி வளர்ந்தவர். அவர் முதற் செய்யுளை மூன்று முறை உரக்கப் படித்தார். மற்றவர்கள் நூலைப் பார்க்காமல், தங்களுக்குப் புரிந்த சொற்களை மட்டும் தாளில் குறித்தனர். அறிவு, உரு, புறம், கரு, கண்கள், உள், அடக்கி, விழுந்து, வணங்கி, ஓதி என்று ஏறக்குறைய எல்லோரும் எழுதியிருந்தனர். பிறகு ஆங்கில மொழிபெயர்ப்பைப் பிரித்தோம். அறை சிறிதுநேரம் அமைதியாயிற்று.

ஒரு சொல் மட்டும் எவருக்கும் அகப்படவில்லை. விழுந்து வணங்குவதற்கு முன் குரு வைத்த ‘தெருதெரே’ என்னும் அடைச்சொல். மீண்டும் மீண்டும் என்று ஒருவர் சொன்னார். அதில் களைப்பு இருக்கிறது, இதில் இல்லை என்று மாணவி மறுத்தார். அடுத்தடுத்து என்றார் இன்னொருவர். அது எண்ணிக்கைதான், வேகம் இல்லை என்றார். ஓட்டுக்கூரைமேல் மழை கொட்டத் தொடங்கும்போது முதல் துளிகள் விழுகிற விதம் அது என்று விரல்களால் மேசையில் தட்டிக் காட்டினார். மணி அடித்தபோதும் அச்சொல்லுக்குத் தமிழ் கிடைக்கவில்லை.